கட்டாஃப் 139, பி.சி., தமிழ்வழி: பி.இ.யா, டிப்ளமோவா, வேறு வழியா?

பொருநை

வணக்கம். அண்ணன் மகளுக்காகக் கேட்கிறேன். பிளஸ் டூ மதிப்பெண்: தமிழ் 82, ஆங்கிலம் 68, கணிதம் 71, இயற்பியல் 66, வேதியியல் 70, உயிரியல் 74. ஒன்றாம் வகுப்பிலிருந்தே தமிழ்வழி. ஆறு முதல் எட்டு வரை அரசு உதவிபெறும் பள்ளி, ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளி. பி.சி. வகுப்பு. வீட்டில் பட்டதாரி யாரும் கிடையாது. ஊர் திருநெல்வேலிக்குப் பக்கம்.

அவளுக்கு எலக்ட்ரானிக்ஸ் படிக்க ஆசை. அண்ணனுக்கு எப்படியாவது பி.இ. இரண்டு வருடத்தில் கையில் ஒரு படிப்பும் வேலையும் வேண்டும் என்பது அண்ணியின் கணக்கு. பொறியியல் கட்டாஃப் 139க்கு என்ன கிடைக்கும், எங்கே ஏமாறுவார்கள், எந்தத் தாளை இப்போதே எடுத்து வைக்க வேண்டும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

இளந்தளிர்

அரசுப் பள்ளி என்றால் 7.5 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறதே. அதில் வந்தால் படிப்புக் கட்டணம், விடுதிக் கட்டணம் எல்லாவற்றையும் அரசே ஏற்கும். பிறகு எதற்கு யோசனை?

கட்டாஃப்_கணக்கு

தம்பி, அவசரப்பட்டு அந்த நம்பிக்கையைக் கொடுக்க வேண்டாம். 7.5 சதவீதம் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை முழுக்க அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு. அரசு உதவிபெறும் பள்ளி அதில் சேராது. ஒரு விலக்கு உண்டு: கட்டாயக் கல்வி உரிமைச் சட்டத்தின் கீழ் தனியார் பள்ளியில் எட்டு வரை படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்கள். இந்தப் பெண்ணின் எட்டாம் வகுப்பு வரை உதவிபெறும் பள்ளியில் போயிருக்கிறது. ஆகவே 7.5 கிடையாது. விண்ணப்பத்தில் தவறாக டிக் செய்தால் சான்றிதழ் சரிபார்ப்பில் அடிபடும், வீண் அலைச்சல்.

இதை முதலில் சொல்லக் காரணம், பல வீடுகளில் "கட்டணம் இல்லை" என்று நம்பி விருப்பப் பட்டியலை நிரப்பிவிட்டு, சேர்க்கை நாளில் பணத்துக்கு ஓடுகிறார்கள்.

இந்தப் பெண்ணுக்கு உள்ளவை இரண்டு. ஒன்று, முதல் பட்டதாரி கட்டணச் சலுகை. பெற்றோர், தாத்தா பாட்டி, உடன்பிறந்தோர் யாரும் பட்டம் பெற்றிருக்கக் கூடாது. வருமான வரம்பு இல்லை. ஆனால் அரசு நடத்தும் கவுன்சிலிங் (கலந்தாய்வு) வழியாக வரும் இடத்துக்கு மட்டும்தான் செல்லும், மேனேஜ்மெண்ட் இடத்துக்குச் செல்லாது. வீட்டில் ஒருவருக்குத்தான்: அண்ணனோ அக்காளோ ஏற்கெனவே வாங்கியிருந்தால் கிடையாது. இ-சேவை மையத்தில் விண்ணப்பித்துத் தாசில்தார் அலுவலகத்திலிருந்து வாங்க வேண்டும், கூடவே பெற்றோரும் மாணவரும் கையெழுத்திடும் கூட்டு உறுதிமொழிப் படிவம். இரண்டில் ஒன்று இல்லாவிட்டாலும் சலுகை நிற்கும். கிராம நிர்வாக அலுவலர் விசாரணை, வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று மூன்று மேசை தாண்ட வேண்டும். இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

இரண்டு, புதுமைப்பெண் திட்டம், மாதம் 1,000 ரூபாய். 2022 செப்டம்பரில் தொடங்கியபோது அரசுப் பள்ளி மாணவிகளுக்கு மட்டும் இருந்தது. 2024 டிசம்பர் இறுதியில் உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் விரித்தார்கள். பி.இ., டிப்ளமோ, ஐ.டி.ஐ. எதில் சேர்ந்தாலும் உண்டு, தொலைநிலைக் கல்விக்கு இல்லை. விண்ணப்பம் கல்லூரி வழியாகப் போகும். மாணவியின் பெயரிலேயே வங்கிக் கணக்கு இருக்க வேண்டும், அது ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். பள்ளியில் கொடுத்த எமிஸ் எண்ணை (பள்ளிக் கல்வித் துறையின் மாணவர் பதிவு எண்) குறித்து வைத்துக்கொள்ளுங்கள், அதை வைத்துத்தான் படித்த பள்ளிகளைச் சரிபார்ப்பார்கள்.

பொருநை

நல்லவேளை கேட்டேன், நாங்களும் 7.5 உண்டு என்றே நினைத்திருந்தோம். 139க்கு எலக்ட்ரானிக்ஸ் கிடைக்குமா சார்? திருநெல்வேலி அரசுப் பொறியியல் கல்லூரியை எதிர்பார்க்கலாமா?

கட்டாஃப்_கணக்கு

கட்டாஃப் என்பது கணிதம் 100க்கு, இயற்பியல் 50க்கு, வேதியியல் 50க்கு. 71 + 33 + 35 = 139, சரிதான். பி.சி. பிரிவுக்குத் தகுதி இந்த மூன்று பாடச் சராசரி 40 சதவீதம், அதில் சிக்கல் இல்லை. இதே 139 நிறையப் பேருக்கு இருக்கும். அப்போது முதலில் கணித மதிப்பெண், அடுத்து இயற்பியல், அடுத்து நான்காவது பாடம், பிறகு பிளஸ் டூ மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி, கடைசியில் சமவாய்ப்பு எண். வேதியியலைத் தனியாகப் பார்ப்பதில்லை: கட்டாஃபும் கணிதமும் இயற்பியலும் சமமானால் வேதியியலும் தானாகச் சமமாகிவிடும்.

எது கிடைக்கும் என்பதைக் கட்டாஃப் எண்ணை வைத்துப் பார்க்காதீர்கள். கேள்வித்தாள் எளிதான வருடத்தில் எல்லாருடைய கட்டாஃபும் ஏறிவிடும். போன வருடம் 139க்குக் கிடைத்த இடம் இந்த வருடம் 143 கேட்கலாம். பார்க்க வேண்டியது வகுப்புவாரித் தரவரிசை எண். கவுன்சிலிங் இணையதளத்தில் முந்தைய வருடங்களின் ஒதுக்கீட்டு விவரம் கல்லூரிவாரியாக, பிரிவுவாரியாக, வகுப்புவாரியாக இருக்கும். தரவரிசைப் பட்டியல் வந்ததும் மகளின் பி.சி. தரவரிசை எண்ணை எடுத்து, போன வருடமும் அதற்கு முந்தைய வருடமும் அந்த எண் அருகில் என்னென்ன போயிருக்கிறது என்று பாருங்கள். பி.சி.க்கு 26.5 சதவீதம் தனியாக இருந்தாலும், 31 சதவீதப் பொதுப் போட்டி இடமும் எல்லாருக்கும் திறந்தது. ஒதுக்கீட்டில் அதையும் சேர்த்தே பார்ப்பார்கள், நீங்கள் தனியாக ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

அரசுக் கல்லூரியில் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ் பிரிவு) இந்த மதிப்பெண்ணுக்குக் கடினம். சிவில், மெக்கானிக்கல் எட்டிப் பார்க்கலாம். ஆனாலும் பட்டியலில் போடுங்கள், அதுவும் மேலே போடுங்கள். காரணம் அடுத்த பதிவில்.

கட்டாஃப்_கணக்கு

விருப்பப் பட்டியல் பற்றித் தனியாக எழுத வேண்டும், மதிப்பெண்ணைவிட இதில்தான் நிறையப் பிள்ளைகள் இழக்கிறார்கள்.

கணினி தரவரிசைப்படி ஒவ்வொரு மாணவராக எடுத்து, அவர் பட்டியலை மேலிருந்து கீழே வாசிக்கும். முதலில் காலியாக இருக்கும் இடத்தைக் கொடுத்துவிட்டு நின்றுவிடும். கிடைக்காத இடத்தை மேலே போட்டதற்கு எந்தத் தண்டனையும் இல்லை. ஆகவே வரிசை ஆசைப்படி இருக்க வேண்டும், வாய்ப்புப்படி அல்ல. "இது நிச்சயம் கிடைக்கும்" என்று ஒரு சுமாரான கல்லூரியை ஐந்தாவதாகப் போட்டால், அதற்குக் கீழே போட்ட நல்ல கல்லூரி எதையும் கணினி பார்க்கவே பார்க்காது. அதேபோல எந்தச் சூழலிலும் சேரப்போவதில்லை என்று தெரிந்த கல்லூரியைப் பட்டியலை நீட்டுவதற்காகப் போடக் கூடாது. அது கிடைத்துத் தொலைக்கும்.

எண்ணிக்கைக்கு வரம்பு இல்லை. 139 என்றால் பத்து இருபது போதாது, நூறு வரை எழுதலாம். முதலில் தாளில் எழுதுங்கள். கல்லூரியைப் பெயரை வைத்துத் தேடாமல் கவுன்சிலிங் குறியீட்டு எண்ணை வைத்துத் தேடுங்கள். கிண்டி வளாகம் 1, எம்.ஐ.டி. 4, கோவை ஜி.சி.டி. 2005 என்று ஒவ்வொன்றுக்கும் எண் உண்டு. ஒரே மாதிரிப் பெயரில் மூன்று நான்கு கல்லூரிகள் இருக்கின்றன, பெயரை நம்பி வேறு மாவட்டக் கல்லூரி கிடைத்தவர்கள் உண்டு. பாடப்பிரிவுக் குறியீட்டையும் பாருங்கள். அரசு உதவிபெறும் கல்லூரிகளில் ஒரே பிரிவு இரண்டு குறியீட்டில் இருக்கும், ஒன்று உதவிபெறும் இடம், மற்றது சுயநிதி இடம். கட்டணம் மடங்கு கணக்கில் வேறுபடும்.

சமீப ஆண்டுகளில் 140ஐ ஒட்டிய கட்டாஃப் இரண்டாம் சுற்றின் கடைசியிலோ மூன்றாம் சுற்றின் தொடக்கத்திலோ வருகிறது. தற்காலிக ஒதுக்கீடு வந்ததும் உறுதிசெய்ய இரண்டு நாள்தான். ஏற்றுச் சேர்கிறேன், ஏற்று மேல்நோக்கிக் காத்திருக்கிறேன், மறுத்து மேல்நோக்கிக் காத்திருக்கிறேன், மறுத்து அடுத்த சுற்றுக்குப் போகிறேன், விலகுகிறேன் என்று வாய்ப்புகள் இருக்கும். பிடித்த இடம் வந்திருந்தால் முதலாவது. இன்னும் நல்லது வரலாம் என்றால் இரண்டாவது: கையில் உள்ளது பத்திரமாக இருக்கும், மேலே உள்ள விருப்பம் காலியானால் தானாக மாறும், பழையது அப்போதே ரத்தாகும். மாறியபின் "பழையதே வேண்டும்" என்று கேட்க முடியாது. மூன்றாவது வாய்ப்பைக் கடைசிச் சுற்றில் அழுத்துவது ஆபத்து. ஒன்றுமே அழுத்தாமல் விட்டால் இடம் போய்விடும். அந்த இரண்டு நாளில் ஊருக்குப் போவது, திருவிழா, கல்யாணம் எதுவும் வேண்டாம். ஓ.டி.பி. வரும் எண் மகள் கையிலோ பெற்றோர் கையிலோ இருக்க வேண்டும், பிரௌசிங் சென்டர்காரரின் எண்ணைக் கொடுத்துவிட்டுத் தவிக்காதீர்கள். இணையம் சரியில்லாதவர்களுக்கு அரசு சேவை மையங்களிலேயே இலவசமாகப் பட்டியல் நிரப்ப உதவுகிறார்கள்.

தரமணி_சாலை

சார் சொன்னது எல்லாம் சரி. ஆனால் 139 கட்டாஃபில் மூன்றாம் சுற்றில் மிஞ்சியிருக்கும் இ.சி.இ. இடம் எந்த மாதிரிக் கல்லூரியில் இருக்கும் என்பதையும் பேச வேண்டும். அண்ணி கேட்டதில் நியாயம் இருக்கிறது.

பிளஸ் டூ முடித்தவர்கள் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மூன்று வருட டிப்ளமோ அவர்களுக்கு இரண்டு வருடம். அரசுப் பாலிடெக்னிக்கில் ஒரு வருடக் கட்டணம் சில ஆயிரம்தான். பெண்களுக்கு மட்டுமான அரசுப் பாலிடெக்னிக்குகள் மதுரையிலும் கோவையிலும் இருக்கின்றன, சென்னையில் தரமணியில் டாக்டர் தருமாம்பாள் பெயரில் இருக்கிறது. இ.சி.இ. டிப்ளமோ முடித்து, அதன்பின் லேட்டரல் என்ட்ரி கவுன்சிலிங்கில் பி.இ. இரண்டாம் ஆண்டு. மொத்தம் 2 + 3 = 5 வருடம். நேரடி பி.இ.யைவிட ஒரு வருடம் கூடுதல், ஆனால் நடுவில் ஒரு முழுத் தகுதி கையில் வந்துவிடும். வீட்டு நிலைமை மாறினால் அங்கேயே நின்று வேலைக்குப் போகலாம். பி.இ. இரண்டாம் வருடத்தில் நிற்பவர்களுக்கு ஒன்றுமே இல்லை.

இன்னொன்று, பிளஸ் டூவில் 139 எடுத்த பெண், டிப்ளமோவில் 90 சதவீதத்துக்கு மேல் எடுத்தால் லேட்டரலில் போட்டியிடுவது டிப்ளமோ மதிப்பெண்ணை வைத்து. பிளஸ் டூ மதிப்பெண் அங்கே தடையாக நிற்காது. ஒவ்வொரு கல்லூரியிலும் அனுமதிக்கப்பட்ட இடத்துக்கு மேல் 10 சதவீதம் லேட்டரலுக்கு உண்டு, முதலாண்டில் நிரம்பாமல் போன இடங்களும் சேரும். அரசுக் கல்லூரியில் நுழைய இது நிஜமான கதவு. இந்தக் கவுன்சிலிங்கைக் காரைக்குடி அழகப்ப செட்டியார் அரசுப் பொறியியல் கல்லூரி நடத்துகிறது. முதல் பட்டதாரி சலுகை அங்கேயும் செல்லும்.

கட்டாஃப்_கணக்கு

ஒப்புக்கொள்கிறேன், ஆனால் அந்தக் கதவுக்குள் ஒரு படி உயரமாக இருக்கிறது. லேட்டரலில் வருபவர்கள் நேராக மூன்றாம் செமஸ்டர். இ.சி.இ., இ.இ.இ., மெக்கானிக்கல் எல்லாவற்றிலும் கணக்கு அந்த இடத்தில் வேறு மட்டத்துக்குப் போகும். முதல் இரண்டு செமஸ்டர் கணக்கைப் படித்தவர்களே தடுமாறுகிறார்கள். டிப்ளமோ கணக்கு அதற்குப் போதாது. அரியர் விழுவது பெரும்பாலும் இங்கேதான்.

தரமணி_சாலை

உண்மை. அதற்கு வழி இருக்கிறது. டிப்ளமோ கடைசிச் செமஸ்டர் தேர்வு ஏப்ரலில் முடியும், பி.இ. வகுப்பு தொடங்கக் குறைந்தது மூன்று மாதம் ஆகும். அந்த இடைவெளியில் முதலாண்டு பி.இ. கணக்குப் புத்தகத்தில் தொகையீடு, பகுதி வகையீடு, சாதாரண வகைக்கெழுச் சமன்பாடு இந்த மூன்று அலகை மட்டும் கையால் போட்டுப் பழக வேண்டும். இந்தப் பெண்ணுக்கு இன்னொரு வசதி: டிப்ளமோவில் பத்தாம் வகுப்பிலிருந்து வருபவர்களைவிடப் பிளஸ் டூ கணிதம் படித்தவர்களுக்கு வகையீடும் தொகையீடும் ஏற்கெனவே அறிமுகம். பிளஸ் டூ கணிதப் புத்தகத்தைப் பழைய பேப்பர்காரருக்குப் போடாமல் வைத்திருந்தாலே போதும்.

நேரடி இரண்டாம் ஆண்டில் சேர்பவர்கள் கவனிக்க வேண்டியது செய்முறை. முதலாண்டு ஒர்க்‌ஷாப்பும் வரைபடமும் தாண்டி வருகிறார்கள். சால்டரிங், பிரெட்போர்டு, மல்டிமீட்டர், ஆசிலோஸ்கோப் இவற்றில் முதல் இரண்டு மாதம் பின்தங்குவார்கள். ஆய்வகத்தில் நான்கு பேருக்கு ஒரு மேசை என்றால் கம்பியைத் தொடுவது ஒருவர்தான், மற்றவர்கள் அளவைக் குறித்துக்கொள்வார்கள். அந்த ஒருவராக இருக்கச் சொல்லுங்கள்.

பேட்டை_ஃபிட்டர்

ஐ.டி.ஐ. பற்றி யாரும் பேசவில்லை. தலைப்பில் "வேறு வழியா" என்று இருப்பதால் எழுதுகிறேன். பிளஸ் டூ முடித்த பெண்ணுக்கு ஐ.டி.ஐ. இறக்கம் என்று பார்ப்பது தவறு. அரசு ஐ.டி.ஐ.யில் பயிற்சிக் கட்டணம் இல்லை, மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, சைக்கிள், சீருடை, காலணி, பாடப்புத்தகம், வரைபடக் கருவி, பஸ் பாஸ் உண்டு. புதுமைப்பெண் 1,000 அதற்கு மேல். நெல்லையில் பேட்டையில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது.

ஆனால் தொழிற்பிரிவு எது என்பதுதான் எல்லாம். பெண்பிள்ளைகளை எல்லாரும் கோபாவில், அதாவது கணினி இயக்குநர் பிரிவில் தள்ளிவிடுகிறார்கள். ஒரு வருடம், நிழலில் உட்கார்ந்த வேலை என்ற எண்ணம். ரயில்வே உதவி லோகோ பைலட் தேர்வுக்கு ஏற்கும் பிரிவுகளின் பட்டியலில் கோபா கிடையாது. ஃபிட்டர், எலக்ட்ரீசியன், எலக்ட்ரானிக் மெக்கானிக், டர்னர், மெஷினிஸ்ட் உண்டு. எலக்ட்ரானிக்ஸ் ஆசை உள்ள பெண் என்கிறீர்கள், எலக்ட்ரானிக் மெக்கானிக் அல்லது எலக்ட்ரீசியன், இரண்டும் இரண்டு வருடம்.

சேரும் முன் பார்க்க வேண்டியது: அந்தப் பிரிவுக்கும் அந்த ஷிப்டுக்கும் தேசிய அளவிலான என்.சி.வி.டி. (இப்போது என்.சி.வி.இ.டி.) இணைப்பு இருக்கிறதா என்பது. இணைப்பு ஐ.டி.ஐ.க்கு மொத்தமாகக் கிடையாது, பிரிவுவாரியாக, யூனிட்வாரியாக. தனியார் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீசியனுக்கு இணைப்பு இருக்கும், பக்கத்து அறை வேறு பிரிவுக்கு இருக்காது. கேட்டால் "வந்துவிடும்" என்பார்கள். வராவிட்டால் இரண்டு வருடம் வீண். பெயர், இனிஷியல், பிறந்த தேதி மூன்றும் ஆதாரிலும் பத்தாம் வகுப்புச் சான்றிலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாக இருக்க வேண்டும். தேசியத் தொழிற்சான்று மின்சான்றாக வருகிறது, அதில் விழுந்த பிழையைத் திருத்த மாதக்கணக்கில் ஆகும். வருகை 80 சதவீதத்துக்குக் குறைந்தால் தேர்வு எழுத முடியாது.

முடித்தபின் அப்ரண்டிஸ். ஐ.சி.எஃப். ரயில்பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. எல்லாம் ஆள் எடுக்கின்றன. முடிவில் அகில இந்தியத் தேர்வு எழுதித் தேசியத் தொழிற்பழகுநர் சான்று. ரயில்வே தன் நிறுவனங்களில் பயிற்சி முடித்தவர்களுக்கு லெவல் 1 (கடைநிலைப்) பணியிடங்களில் 20 சதவீதம் ஒதுக்குகிறது. அது வேலை உத்தரவாதம் அல்ல, தேர்வு எழுதித் தேற வேண்டும். ஐ.டி.ஐ. முடித்தவர் டிப்ளமோ இரண்டாம் ஆண்டிலும் சேரலாம். ஆனால் பிளஸ் டூ வைத்தே அந்த நுழைவு கிடைக்கும்போது, டிப்ளமோதான் இலக்கு என்றால் ஐ.டி.ஐ. வழியாகச் சுற்ற வேண்டாம்.

பொருநை

அப்ரண்டிஸ் என்று சொல்லி வருடக்கணக்கில் குறைந்த சம்பளத்தில் வைத்திருக்கிறார்கள் என்று கேள்விப்படுகிறோம். எப்படி அடையாளம் காண்பது?

பேட்டை_ஃபிட்டர்

1961 அப்ரண்டிஸ் சட்டத்தின் கீழ் வரும் பயிற்சிக்கு அரசு இணையதளத்தில் ஒப்பந்தம் பதிவாக வேண்டும். ஐ.டி.ஐ.க்கும் பள்ளிப் படிப்புக்கும் ஒரு தளம், டிப்ளமோவுக்கும் பட்டத்துக்கும் நாட்ஸ் என்ற தளம். தென்மண்டலத்துக்கு நாட்ஸைப் பார்ப்பது தரமணியில் உள்ள தொழிற்பழகுநர் பயிற்சி வாரியம். சேர்ந்த பிறகு தன் கணக்கில் நுழைந்து பார்த்தால் ஒப்பந்த எண், தொடக்க நாள், முடிவு நாள், மாதத் தொகை தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அது சட்டப்படியான பயிற்சி அல்ல, முடிவில் சான்றும் வராது. "டிரெய்னி", "லேர்ன் அண்ட் ஏர்ன்" என்று என்ன பெயர் வைத்தாலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: ஒப்பந்த எண் என்ன?

2019 விதித்திருத்தத்தில் வைத்த குறைந்தபட்சம் டிப்ளமோவுக்கு மாதம் 8,000, பட்டதாரிக்கு 9,000, ஐ.டி.ஐ.க்கு 7,000, பிறகு உயர்ந்திருக்கலாம். நடப்பில் உள்ள குறைந்தபட்சத்துக்குக் கீழே கொடுத்தால் எழுதிப் புகார் செய்யலாம். டிப்ளமோ முடித்தவர்கள் ஒரு வருடத்துக்கு மேல் வேறு வேலை பார்த்துவிட்டால் நாட்ஸ் தகுதி போய்விடும், படிப்பு முடிந்த கையோடு பதிய வேண்டும்.

வெள்ளைச்சீருடை

உயிரியலில் 74 இருக்கிறது, அதை ஏன் யாரும் தொடவில்லை? பி.எஸ்சி. நர்சிங், பி.பார்ம்., ரேடியோகிராபி, மருத்துவ ஆய்வகத் தொழில்நுட்பம் ஆகியவற்றுக்கு நீட் தேவையில்லை. மருத்துவக் கல்வி தேர்வுக்குழு பிளஸ் டூ இயற்பியல், வேதியியல், உயிரியல் மதிப்பெண்ணை வைத்துத் தனிக் கவுன்சிலிங் நடத்துகிறது. அரசுக் கல்லூரி இடம் கிடைக்க 74, 66, 70 போதாமல் போகலாம். விண்ணப்பித்து வைப்பதில் நட்டமில்லை.

எச்சரிக்கை ஒன்று. ஊர் ஊராக "பாராமெடிக்கல் டிப்ளமோ, நூறு சதவீத வேலை" என்று போர்டு வைத்திருக்கிறார்கள். நர்சிங் என்றால் இந்திய நர்சிங் கவுன்சிலும் தமிழ்நாடு நர்சிங் கவுன்சிலும் ஏற்ற நிறுவனமா, பார்மசி என்றால் இந்திய பார்மசி கவுன்சில் ஏற்றதா என்று பாருங்கள். கவுன்சிலில் பதிவு செய்ய முடியாத சான்றால் அரசு மருத்துவமனைப் பணியும் வெளிநாட்டுப் பணியும் கிடைக்காது. "எங்களுக்கு இன்ன டிரஸ்ட் அங்கீகாரம் உண்டு" என்பது பதில் அல்ல.

தரமணி_சாலை

தமிழ்வழி என்று பொருநை அக்கா குறிப்பிட்டதால் ஒன்று. தமிழ்நாடு அரசுப் பணிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கு 20 சதவீத முன்னுரிமை. ஒன்றாம் வகுப்பிலிருந்து அந்தப் பணிக்குரிய தகுதிப் படிப்பு வரை தமிழ்வழியில் படித்திருக்க வேண்டும். ஆங்கிலவழியில் பி.இ. படித்தால் பட்டத் தகுதியுள்ள பணிகளுக்கு அது போய்விடும். ஆனால் பத்தாம் வகுப்புத் தகுதியில் எழுதும் குரூப் 4 போன்றவற்றுக்கு அப்படியே இருக்கும். பி.இ.யில் சிவிலும் மெக்கானிக்கலும் அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010 முதல் தமிழ்வழியில் உண்டு. எப்படியிருந்தாலும் ஒவ்வொரு பள்ளியிலும் தமிழ்வழிச் சான்றை இப்போதே வாங்கி வைக்க வேண்டும். பத்து வருடம் கழித்துப் போனால் பதிவேட்டைத் தேட வேண்டியிருக்கும்.

பி.இ. பிரிவுகளில் இப்போது நீளமான புதுப் பெயர்கள் நிறைய. அரசுப் பணி அறிவிக்கையில் கேட்கும் பட்டப் பெயரும் சான்றில் உள்ள பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால், இரண்டும் சமம் என்று சொல்லும் இணைத்தன்மை அரசாணை இருக்கிறதா என்று தேட வேண்டிவரும். அரசுப் பணி மனத்தில் இருந்தால் இ.சி.இ., இ.இ.இ., சிவில், மெக்கானிக்கல் என்ற பழைய பெயர்களே பாதுகாப்பு.

வங்கிக்கிளை

பணம் பற்றி. 4 லட்சம் வரை கல்விக்கடனுக்குச் சொத்துப் பிணை கேட்கக் கூடாது, 7.5 லட்சம் வரை மத்திய அரசின் உத்தரவாத நிதி உண்டு. வித்யாலட்சுமி இணையதளம் வழியாக விண்ணப்பியுங்கள். கிளையில் வாய்மொழியாகக் கேட்டு வாய்மொழியாக மறுப்பு வாங்கினால் கையில் தடயமே இருக்காது. கவுன்சிலிங் ஒதுக்கீட்டு ஆணை, கல்லூரி கொடுக்கும் ஆண்டுவாரிக் கட்டண விவரம், மதிப்பெண் சான்று, வருமானச் சான்று, பெற்றோரின் ஆதார், பான் வேண்டும். பான் இல்லாத பெற்றோர் இப்போதே எடுக்கட்டும்.

குடும்ப வருமானம் 4.5 லட்சத்துக்குள் என்றால், தொழிற்படிப்புக்குப் படிக்கும் காலமும் அதன்பின் ஒரு வருடமும் வட்டியை மத்திய அரசு ஏற்கும் திட்டம் இருக்கிறது. கல்லூரிக்கு நாக் தரச்சான்றோ அந்தப் படிப்புக்கு என்.பி.ஏ. தரச்சான்றோ இருக்க வேண்டும். மூன்றாம் சுற்றில் மிஞ்சும் கல்லூரிகள் பலவற்றுக்கு இரண்டும் இருக்காது. அப்போது வட்டி முழுக்க வீட்டுத் தலையில். என்.பி.ஏ. கல்லூரிக்குக் கிடையாது, பிரிவுக்குத்தான்: வாசல் பலகையில் போட்டிருப்பார்கள், இ.சி.இ.க்கு இருக்கிறதா, காலாவதி ஆகவில்லையா என்று என்.பி.ஏ. தளத்தில் பாருங்கள்.

கட்டாஃப்_கணக்கு

வங்கிக்கிளை சொன்னதோடு இன்னொரு சல்லடை. அண்ணா பல்கலைக்கழகம் ஒவ்வொரு பருவத் தேர்வுக்கும் இணைப்புக் கல்லூரிகளின் தேர்ச்சி விவரத்தை வெளியிடுகிறது. கடைசி இரண்டு பருவத்தை எடுத்துப் பாருங்கள். எழுதியவர்களில் பாதிக்கும் குறைவானவர்கள் தேறும் கல்லூரி என்றால் இ.சி.இ. கிடைத்தாலும் வேண்டாம். 139 எடுத்த பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டும், அங்கே ஆள் இல்லை என்பதன் அடையாளம் அது. இந்த இடத்தில் தரமணி_சாலை சொல்லும் அரசுப் பாலிடெக்னிக் வழியையே நானும் தேர்வேன்.

ஆக, என் கணக்கு: கவுன்சிலிங்குக்குப் பதியுங்கள், கட்டணம் 500 ரூபாய்தான். பட்டியலில் அரசு, உதவிபெறும் கல்லூரிகள், பிறகு இந்தச் சல்லடையில் தங்கும் சுயநிதிக் கல்லூரிகள் மட்டும். அதற்குக் கீழே ஒன்றும் வேண்டாம். அவை கிடைக்காவிட்டால் டிப்ளமோ இரண்டாம் ஆண்டு.

பொருநை

நாள் இடிக்காதா சார்? பாலிடெக்னிக் சேர்க்கை முன்னால் முடிந்துவிடுமே. கலைக் கல்லூரியிலும் ஒரு விண்ணப்பம் போடலாமா என்று அண்ணி கேட்கிறார்கள்.

தரமணி_சாலை

இடிக்கும். கலை அறிவியல் கல்லூரி விண்ணப்பம் மே மாதத்திலேயே தொடங்கிவிடும். ஐந்து கல்லூரி வரை போடும் ஒரு விண்ணப்பத்துக்கு 50 ரூபாய்தான், போட்டு வையுங்கள். அங்கே மொழிப்பாடம் நீங்கலான நான்கு பாட மொத்தத்தைப் பார்ப்பார்கள், இவளுக்கு 400க்கு 281. ராணி அண்ணா அரசு மகளிர் கல்லூரியில் பி.எஸ்சி. இயற்பியல் கேட்கலாம். பி.எஸ்சி. கணிதப் பின்னணியோடு முடித்தவர்களும் பி.இ. லேட்டரலில் விண்ணப்பிக்க முடியும். பாலிடெக்னிக் நேரடி இரண்டாம் ஆண்டு விண்ணப்பமும் மே, ஜூனிலேயே வந்துவிடும். பொறியியல் மூன்றாம் சுற்று முடிய ஆகஸ்ட் பிற்பகுதி ஆகும். ஆகவே முதலில் பாலிடெக்னிக்கில் சேர்ந்துவிட்டு, நல்ல பி.இ. இடம் வந்தால் மாறுவதே நடைமுறை. அரசு நிறுவனத்தில் கட்டிய தொகை சிறியது, போனாலும் தாங்கலாம்.

இளந்தளிர்

மாறும்போது டி.சி.யை (மாற்றுச் சான்றிதழ்) கொடுக்க மறுத்தால்?

கட்டாஃப்_கணக்கு

நல்ல கேள்வி. அசல் சான்றிதழ்களைக் கல்லூரி பிடித்து வைக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பது பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.), தொழில்நுட்பக் கல்விக் குழு (ஏ.ஐ.சி.டி.இ.) இரண்டின் விதியும். நடைமுறையில் டி.சி. மட்டும் சேர்ந்த இடத்தில் இருக்கும். மாறும்போது ஒதுக்கீட்டு ஆணை நகலை வைத்து எழுத்தில் விண்ணப்பித்து, ஒரு நகலில் பெற்றுக்கொண்டதற்குக் கையொப்பம் வாங்குங்கள். கவுன்சிலிங்கில் கல்லூரியில் சேரக் கொடுக்கும் நாள் ஒரு வாரத்தை ஒட்டியதுதான், ஒதுக்கீடு வந்த அன்றே டி.சி.க்குப் போய்விட வேண்டும். சுயநிதி நிறுவனத்தில் தற்காலிகமாகச் சேர்ந்து வைப்பதைத் தவிருங்கள், அங்கேதான் இழுத்தடிப்பு.

கொடுக்கும் முன் டி.சி.யை ஸ்கேன் செய்து, ஆறு நகல் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதில் வகுப்பு, பிறந்த தேதி, அங்க அடையாளம், படித்த மொழிவழி எல்லாம் சரியாக இருக்கிறதா என்று பள்ளியிலேயே படித்துப் பார்க்க வேண்டும்.

சாதிச் சான்று நிரந்தரமானது, மின்சான்றாக இருக்கட்டும். ஆனால் தமிழ்நாட்டு பி.சி. சான்றை மத்திய நிறுவனங்களில் ஏற்கமாட்டார்கள். கியூட் (மத்தியப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு), என்.ஐ.டி. போன்றவற்றுக்கு ஓ.பி.சி. கிரீமிலேயர் அல்லாதோர் சான்று மத்திய அரசு வடிவத்தில், அந்த நிதியாண்டு ஏப்ரல் 1க்குப் பின் வாங்கியதாகத் தனியாக வேண்டும். எட்டு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டிலேயே படித்திருப்பதால் இருப்பிடச் சான்று இவளுக்குத் தேவையில்லை.

பொருநை

முதல் பட்டதாரிச் சான்றுக்கு இன்று காலை இ-சேவையில் போட்டாயிற்று. மதுரை மகளிர் பாலிடெக்னிக்கில் இ.சி.இ. இரண்டாம் ஆண்டுக்கு விண்ணப்பிக்கிறோம். பட்டியலைத் தாளில் எழுதியதும் கல்லூரி எண்களோடு இங்கே போடுகிறேன், சல்லடையில் சலித்துக் கொடுங்கள்.

கட்டாஃப்_கணக்கு

போடுங்கள் அம்மா. ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் மூன்று கட்டம் வரைந்து கொள்ளுங்கள்: இ.சி.இ.க்கு என்.பி.ஏ. முடியும் தேதி, கடைசி இரண்டு பருவத் தேர்ச்சி சதவீதம், போன வருடம் பி.சி.யில் கடைசியாகப் போன தரவரிசை எண். மூன்றும் நிரம்பாத வரியை இங்கே கொண்டுவர வேண்டாம். தரவரிசைப் பட்டியல் வெளியான அன்றே மகளின் எண்ணையும் எழுதுங்கள், அது தெரியாமல் வரிசையைத் தொடக் கூடாது.